உறிஞ்சலும் சுவறலும்: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையில் அமைந்த பொந்தியான் வட்டாரம் அன்னாசிக்கும் தென்னைக்கும் பெயர் பெற்றது. அவ்வட்டாரத்துப் பெக்கான் நானாஸ் என்னும் ஊர்ப்பெயரே அன்னாசியைக் குறிப்பது. அங்கே அன்னாசி விளையும் நிலத்தில் பெரும்பகுதி சாதாரண மண் அன்று. சில ஆயிரம் ஆண்டுகளாக நீர் தேங்கி நின்ற காட்டில் விழுந்த இலையும் கிளையும் வேரும் முழுதும் மக்கிவிடாமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான கருஞ்சதுப்பு மண் அது. மலாய்க்காரர் அதனைத் 'தானா கம்புட்' என்பர். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரல்களின் இடையே நீர் வடியும். தன் உலர்ந்த எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தன்னகத்தே வைத்திருக்க வல்லது அம்மண்.

இம்மண்ணின் இயல்பை மாணாக்கர்க்கு விளக்கப் புகும் தமிழாசிரியர் எச்சொல்லை ஆள்வார்? 'மண் நீரை உறிஞ்சுகிறது' என்பார். பாடநூல் காட்டும் வழி அதுவே. ஆனால் அம்மாணாக்கனின் வீட்டில் முதியவர் இருப்பின், கொல்லையில் ஊற்றிய நீரைக் குறித்து, 'தண்ணீர் சுவறிப் போயிற்று' என்றோ, 'இஞ்சிப் போயிற்று' என்றோ சொல்லக்கூடும். நிகழ்ச்சி ஒன்றே. ஆயினும் முதல் தொடரில் எழுவாய் மண். இரண்டாவதில் எழுவாய் நீர். பாடநூலில் ஒரு சொல் ஏறி அமர்ந்ததும், மற்றவை அடுக்களையிலும் கொல்லையிலும் தங்கிவிட்டதும் எவ்வாறு நேர்ந்தன என்பது தமிழ்க் கலைச்சொல் வரலாற்றில் ஆராயத்தக்க ஒரு பகுதியாகும்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு

இக்கருத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் 'அப்ஸார்ப்' என்பது. இலத்தீனில் 'ஸோர்பேரே' என்றால் உறிஞ்சிக் குடித்தல் என்று பொருள். அதனோடு 'அப்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் அச்சொல் ஆங்கிலத்துள் புகுந்தது. வாயின் தொழிலைக் குறித்து எழுந்த சொல், நாளடைவில் வாயில்லாப் பொருள்களுக்கெல்லாம் உரியதாயிற்று. பஞ்சு நீரைக் கொள்வதும், வேர் சத்தை எடுப்பதும், கறுப்புத் துணி வெயிலை வாங்குவதும், கனத்த திரை ஓசையை அடக்குவதும், பெரிய வணிக நிறுவனம் சிறியதைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதும், வணிகர் ஒருவர் நட்டத்தைத் தாமே தாங்குவதும், ஒரு நூல் படிப்பவர் மனத்தை ஆட்கொள்வதும் ஆங்கிலத்தில் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கும்.

ஒரு சொல் இத்தனை பொருளைத் தாங்குவது பேச்சுக்கு வசதி, விஞ்ஞானத்துக்கு இடையூறு. 1773இல் சுவீடனின் ஷீலே என்னும் வேதியியலறிஞரும், 1777இல் இத்தாலியின் பொந்தானாவும், மரக்கரி வாயுக்களைத் தன்பால் வாங்கி வைத்துக்கொள்வதைக் கண்டனர். அதனையும் 'அப்ஸார்ப்' என்றே வழங்கினர். உண்மையில் அவ்வாயு கரியின் பொருளுக்குள் பஞ்சில் நீர்போல் கலந்துவிடுவதில்லை. கரியின் எண்ணிறந்த நுண்துளைகளின் பரப்பில் ஒட்டி நிற்கிறது. உட்புகுதல் வேறு, மேலே பற்றி நிற்றல் வேறு. இவ்விரண்டையும் பெயரளவில் பிரித்துக் காட்ட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1881இல் செருமானிய இயற்பியலறிஞர் ஹைன்ரிஷ் கைசர் 'அட்ஸார்ப்ஷன்' என்னும் சொல்லை வெளியிட்டார். அச்சொல்லை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் உடலியலறிஞர் து புவா ரேமோன். 'அப்' என்பதை 'அட்' என்று மாற்றியதே அவர்கள் செய்தது. 'அட்' என்றால் ஒன்றன்பால், ஒன்றன்மேல் என்று பொருள். ஓர் எழுத்து மாற்றத்தால் ஒரு புதிய துறைக்கே பெயர் கிடைத்தது. பின்னர், பொருள் உள்ளே புகுந்ததா, மேலே ஒட்டியதா என்று துணிய இயலாத இடங்களுக்கென, முன்னொட்டையே விலக்கி 'ஸார்ப்ஷன்' என்று 1909இல் மெக்பெயின் என்னும் அறிஞர் பெயரிட்டார்.

வேர் நீரைக் கொள்ளும் வகைக்கு வேறொரு பெயர் எழுந்தது. 1748இல் பிரான்சின் நொல்லே என்பார், பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வால் சாராயப் புட்டியின் வாயை மூடி நீருள் வைத்தபோது, நீர் சவ்வைக் கடந்து புட்டியுள் புகுவதைக் கண்டார். 1820களில் துத்ரோஷே என்பார் இதனை ஆராய்ந்து, உள்நோக்கிய செலவு, வெளிநோக்கிய செலவு என இரு பெயர் இட்டார். 1854இல் தாமஸ் கிரஹாம் அவற்றைச் சுருக்கி ஒன்றாக்கினார். அதிலிருந்து வந்ததே இன்று வழங்கும் 'ஆஸ்மாஸிஸ்'. இதற்கு அடியான கிரேக்கச் சொல்லின் பொருள் 'தள்ளுதல்' என்பது. இத்துறையில் செய்த பணியும் சேர்ந்தே வான்ட் ஹாஃபுக்கு 1901இல் வேதியியலின் முதல் நோபெல் பரிசைப் பெற்றுத் தந்தது.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. ஒரு பொருள் மற்றொன்றுள் புகுவதை ஒரு சொல் 'உறிஞ்சுதல்' என்கிறது. மற்றொரு சொல் 'தள்ளுதல்' என்கிறது. முன்னதில் வாங்குவது வினை செய்கிறது. பின்னதில் புகுவது வினை செய்கிறது. உண்மையில் உறிஞ்சுகுழலால் இளநீர் பருகும்போதுகூட, வாய் நீரை இழுப்பதில்லை. வாயினுள் அழுத்தம் குறைய, வெளிக்காற்றின் அழுத்தமே இளநீரைக் குழலுக்குள் மேலே தள்ளுகிறது. காற்றுக்கு எடையும் அழுத்தமும் உண்டென்று 17ஆம் நூற்றாண்டில் தொரிச்செல்லி காட்டிய பின்னரே இது விளங்கிற்று. ஆகவே 'உறிஞ்சுதல்' என்பது மக்கள் கண்ணுக்குத் தோன்றியதைச் சொல்லும் சொல்லே அன்றி, நிகழ்வதன் காரணத்தைச் சொல்லும் சொல் அன்று.

தமிழ் வழக்கின் வளம்

தமிழில் இக்கருத்துக்கு ஒரே சொல் இல்லை. சொற்கள் பல உள. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக வருவனவும் அல்ல. ஒவ்வொன்றும் தனக்கெனக் குறித்த ஓரிடத்தில் வழங்குவது.

அடுக்களையிலிருந்து தொடங்கலாம். கத்தரிக்காய் எண்ணெய் 'குடிக்கும்'. பழைய அரிசி தண்ணீர் அதிகம் 'வாங்கும்'. மாவு நீரை 'இழுக்கும்'. உளுந்து 'ஊறும்'. அப்பளமும் முறுக்கும் திறந்து வைத்தால் 'நமுத்துப் போகும்'. மழை நாளில் உப்பு 'கசியும்'. நெய்யை வெங்காயத்தின் அருகே வைத்தால் வாடை 'ஏறும்'. துணியில் சாயம் 'பிடிக்கும்'. காயத்தைப் பஞ்சால் 'ஒற்றுவர்'. மையை ஒற்றும் தாள் ஒற்றுத்தாள் ஆயிற்று. கறுப்புச் சட்டை சூட்டை 'வாங்கும்'. தலையில் தேய்த்த எண்ணெய் 'இறங்கும்'. தைலம் உடம்பில் 'சுவறும்'.

இச்சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இரண்டு அணிகள் தோன்றும். குடித்தல், வாங்குதல், இழுத்தல், உறிஞ்சுதல் ஆகியவற்றில் ஏற்கும் பொருள் எழுவாய். சுவறுதல், இஞ்சுதல், இறங்குதல், ஏறுதல், பிடித்தல் ஆகியவற்றில் புகும் பொருள் எழுவாய். ஊறுதல், நமுத்தல் ஆகியவை மூன்றாம் வகை. அங்கே பேச்சு நீரைப் பற்றியதே அன்று. நீர் புகுந்ததனால் உளுந்தும் அப்பளமும் அடைந்த மாற்றத்தைப் பற்றியது. ஊறிய உளுந்து பருக்கிறது. நமுத்த அப்பளம் மொறுமொறுப்பை இழக்கிறது. ஆங்கிலத்தில் புகும் பொருளை எழுவாயாக்க விரும்பின், 'அப்ஸார்ப்' என்பதைச் செயப்பாட்டு வினையாக மாற்றியே சொல்லவேண்டும். தமிழுக்கு அத்தேவை இல்லை. தன்வினையாகவே தனிச் சொற்கள் அதற்கு உண்டு.

சுவறுதல், இஞ்சுதல் ஆகிய இரண்டும் கொச்சை எனத் தள்ளத்தக்கனவும் அல்ல. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் இரண்டும் இடம்பெற்றுள்ளன. சுவறுதலுக்கு வற்றுதல் என்னும் பொருளும் உண்டு. நிலத்தில் ஊற்றிய நீர் கண்ணுக்கு மறைவதையே அச்சொல் முதன்மையாகக் கொண்டது. கீழே புகுந்து மறைந்தாலும் மேலே ஆவியாகி மறைந்தாலும் காண்போர்க்கு ஒன்றே அல்லவா? இந்தி மொழியில் இக்கருத்துக்கு அமைந்த 'அவசோஷண்' என்னும் கலைச்சொல்லும் உலர்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்தே பிறந்தது என்பது ஒப்பிட்டு மகிழத்தக்கது. இலத்தீன் வாயைப் பார்த்தது. வடமொழி ஈரம் நீங்கிய இடத்தைப் பார்த்தது. தமிழ் மக்கள் வழக்கு இரண்டையும் பார்த்துத் தனித்தனிச் சொல் வைத்தது.

மனத்தின் தொழிலுக்கும் தமிழ் இவ்வாறே பல சொற்களை வைத்திருக்கிறது. நூலில் ஒருவன் 'ஆழ்கிறான்', 'ஒன்றுகிறான்', 'தோய்கிறான்'. தமிழிலேயே 'ஊறியவர்' என்று ஒருவரைப் புகழ்வதுண்டு. சொன்ன பாடம் 'மனத்தில் பதியவில்லை', 'மண்டையில் ஏறவில்லை' என்று ஆசிரியர் சலித்துக்கொள்வதும் உண்டு. நன்னூல் செய்த பவணந்தி முனிவர், மாணாக்கரை எட்டு உவமைகளால் வகைப்படுத்தினார். அவற்றுள் ஓட்டைக் குடமும், நெய்யை விட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டியும் கடை மாணாக்கர்க்கு உரியன. உழைப்புக்குத் தக்க பயன் தரும் நிலம் இடைமாணாக்கர்க்கு உரியது. கொள்ளுதலும் கொண்டதை வைத்திருத்தலும் வேறு என்பதை அவ்வுவமைகள் நன்கு உணர்த்துகின்றன.

அகராதி மேசைக்கு வந்த சொல்

இத்தனை சொற்களும் இருக்க, பாடநூலுக்கு எது வருவது என்று முடிவு செய்தவர்கள் கலைச்சொல் தொகுத்தோர். அவர்கள் வரலாறு யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது என்பது பொருந்தும். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக இலங்கை வந்த சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் தங்கித் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகிய துறைகளின் நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. 1875இல் வந்த வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்பது பெயர். சொல் ஆக்குவதற்கு அவர் ஒரு நெறி வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடுதல். இல்லையேல் வடமொழியை நாடுதல். அதுவும் இசையாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுதல். கடைசி வழியைத் தாம் எவ்வளவு தயங்காமல் கொண்டார் என்பதற்குக் கெமிஸ்தமே சான்று.

தமிழ்நாட்டில் இம்முயற்சி 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1916இல் சேலத்தில் இராஜகோபாலாச்சாரியாரும் வேங்கடசுப்பையரும் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் அமைப்பதற்கென ஒரு சங்கம் கண்டு, அதற்கென ஓர் இதழும் நடத்தினர். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும் அவ்வாண்டே. ஒரே ஆண்டில் எழுந்த இவ்விரு முயற்சிகளும் வேறு வேறு திசை நோக்கின. வடமொழிச் சொற்கள் இந்தியா முழுமைக்கும் பொதுவாகும் என்பது ஒரு சாரார் கருத்து. தமிழ் மாணவனுக்கு விளங்காத பொதுமையால் பயன் என்ன என்பது மறுசாரார் கேள்வி.

1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இரண்டாம் கேள்விக்கு விடை காண முற்பட்டது. அதன் அமைச்சராய் இருந்து பெரிதும் உழைத்தவர் நெல்லை இ. மு. சுப்பிரமணிய பிள்ளை. பல துறை ஆசிரியர்களையும் தமிழ்ப் புலவர்களையும் ஒருங்கு கூட்டி, அச்சங்கம் 1938இல் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதியை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாகத் தொடங்கிய காலம் அது. ஆசிரியர்க்குச் சொல் உடனே வேண்டியிருந்தது. 1940இல் சென்னை அரசாங்கம் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழிச் சார்புடையது என்று தமிழறிஞர் எதிர்ப்பு எழுப்பியதும், பின்னர் அதில் தமிழறிஞர் இடம்பெற்றதும் அக்காலச் செய்திகள். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம், இச்சொற்கள் வெறும் பட்டியலாய் நின்றுவிடாமல் கட்டுரைகளில் உயிர்பெற வழி செய்தது.

இந்நெடிய போராட்டத்தில் தமிழா வடமொழியா என்பதே பெருங்கேள்வியாய் இருந்தது. அது தக்க கேள்வியே. ஆயினும் இரு சாராரும் ஒரு பழக்கத்தில் ஒத்திருந்தனர். ஆங்கிலப் பட்டியலை இடப்பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே வலப்பக்கத்தில் ஒரு சொல் நிரப்பினர். 'அப்ஸார்ப்ஷன்' என்பதற்கு நேரே ஒருவர் 'உட்கிரகித்தல்' என்றார். மற்றொருவர் 'உறிஞ்சுதல்' என்றார். வேறொருவர் 'உட்கவர்தல்' என்றார். மூன்றிலும் எழுவாய் ஏற்கும் பொருளே. இலத்தீனின் வாய் மூன்றிலும் திறந்தே இருக்கிறது. இடப்பக்கத்தில் ஒரு சொல்லே இருந்ததால், வலப்பக்கத்தில் சுவறுதலுக்கு இடம் கிடைக்கவில்லை.

கடல் கடந்து பிரிந்த வழிகள்

கலைச்சொல் பின்னர் நாட்டுக்கு ஒரு வழியாய்ப் பிரிந்தது. இலங்கையில் 1950களில் அரசாங்கம் துறைதோறும் சொற்றொகுதிகள் வெளியிட்டது. அங்கே உட்புகுதல் 'அகத்துறிஞ்சல்' ஆயிற்று; மேலே பற்றுதல் 'புறத்துறிஞ்சல்' ஆயிற்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முன்னது 'உறிஞ்சுதல்', 'உட்கவர்தல்' என்றும், பின்னது 'பரப்புக் கவர்ச்சி', 'பரப்புக் கவர்தல்' என்றும் நின்றன. சவ்வைக் கடந்து நீர் புகுதல் தமிழ்நாட்டில் 'சவ்வூடு பரவல்', இலங்கையில் 'பிரசாரணம்'. நுண்குழாயில் நீர் தானே ஏறும் இயல்பை இலங்கையில் 'மயிர்த்துளைத்தன்மை' என்றனர். தமிழ்நாட்டில் 'நுண்புழை' என்னும் சொல் வழங்கிற்று. விதை நீரைக் கொண்டு பருப்பதைத் தமிழ்நாட்டுத் தாவரவியல் நூல்கள் 'உள்ளீர்த்தல்' என்றன. இலங்கையிலோ அதே சொல் அலுவலக வழக்கில் புகுந்து, தற்காலிக ஊழியரை நிலையான பணியில் சேர்த்துக்கொள்வதைக் குறிக்கலாயிற்று. ஒரு சொல்லின் நற்பேறு இவ்வாறும் அமைவதுண்டு.

இவற்றுள் எது சிறந்தது என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறுவது எளிதன்று. 'அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல்' என்னும் இணை, கற்கும் மாணவனுக்கு வேறுபாட்டை உடனே காட்டிவிடுகிறது. ஆயினும் புறத்தே நிற்பதை உறிஞ்சுதல் என்பது எங்ஙனம் என்னும் ஐயம் எழாமல் இல்லை. 'பரப்புக் கவர்தல்' அவ்வையத்துக்கு இடம் தரவில்லை. ஆனால் பேச்சு வழக்கிலிருந்து தொலைவில் நிற்கிறது. கரியில் நாற்றம் 'பற்றும்', துணியில் சாயம் 'பிடிக்கும்' என்று மக்கள் சொல்லும் சொற்கள் இரு நாட்டுப் பட்டியலிலும் ஏறவில்லை. 'சவ்வூடு பரவல்' ஒன்றே இவ்வகையில் பெரிதும் வெற்றி பெற்றது. நிகழ்வது எது, எதன் வழியாக என்னும் இரண்டையும் அது சொல்லிவிடுகிறது. அங்கே எழுவாய் புகும் நீர் என்பதும் காண்க.

மலாய்மொழியின் வழி

மலேசியத் தமிழாசிரியர்க்கு அருகிலேயே ஒரு நல்ல ஒப்புமை உண்டு. மலாய்மொழியை வளர்ப்பதற்கென 1956 ஜூன் 22இல் ஜொகூர் பாருவில் 'பாலாய் புஸ்தகா' தோன்றியது. அவ்வாண்டே அது 'டேவான் பகாசா டான் புஸ்தகா' எனப் பெயர் பெற்று, அடுத்த ஆண்டு கோலாலம்பூருக்குச் சென்றது. மலாய்ப் பாடநூல்களில் இன்று வழங்கும் சொற்களைப் பார்த்தால், உட்கொள்ளுதல் 'செராப்' என்னும் அடியிலிருந்து 'பெஞராப்பான்' ஆயிற்று. மேலே பற்றுதல் 'ஜெராப்' என்னும் அடியிலிருந்து 'பெஞ்ஜெராப்பான்' ஆயிற்று. ஆங்கிலத்தைப் போலவே ஓரெழுத்து வேறுபாடு. ஆனால் இரண்டும் மலாய் உருவங்கள். நீர் மண்ணுள் தானே புகுந்து பரவுவதற்கு மலாய் மக்கள் வழங்கும் சொல் 'ரெசாப்' என்பது. நம் சுவறுதலுக்கு அது நேர். அதனை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிடவில்லை. பொருளின் துகள்கள் ஒன்றுள் ஒன்று பரவும் விரவலுக்கு 'ரெசாப்பான்' என்று பெயரிட்டுப் பாடநூலில் அமர்த்தினர். நமுத்துப்போன பிஸ்கட்டை 'லெமாவ்' என்பதும் பொந்தியான் கடைத்தெருவில் எக்குழந்தையும் அறிந்தது.

கற்பிப்போர் கடமை

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சி அன்று, வகுப்பறையோடு தொடர்புடையது. மலேசியாவில் 2003இல் தமிழ்ப் பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அரசாங்கம் அறிவித்தது. 2012 முதல் படிப்படியாக மாற்றம் நடந்தது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது மீண்டும் அவ்விவாதம் எழுந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்றவர்கள் பலர் இன்று பெற்றோராகி இருப்பர். சிலர் ஆசிரியராகவும் இருப்பர். அவர்கள் செவியில் 'அப்ஸார்ப்' என்பது பழகிய சொல். 'உறிஞ்சல்' என்பது பாடச் சொல். 'சுவறுதல்' என்பதோ பாட்டி சொல். 2017இல் தொடங்கிய திருத்திய பாடத்திட்டத்தில், நீரைக் கொள்ளும் பொருள் எது, கொள்ளாப் பொருள் எது என்று பிரித்தறிவது முதலாம் ஆண்டுப் பாடத்திலேயே இடம்பெற்றது. ஏழு வயதுக் குழந்தைக்கு அறிவியல் தமிழின் வாயில் இக்கருத்திலேயே திறந்தது எனலாம். அவ்வாயிலில் அக்குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவந்த சொல்லுக்கு இடம் உண்டா என்பதே கேள்வி.

தேர்வுக்கு ஒரு சொல் நிலையாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. கலைச்சொல்லுக்கு ஒருமைப்பாடு உயிர். ஆனால் தேர்வுச் சொல்லை அடைவதற்கு முன் நடக்கவேண்டிய வழி நீண்டது. கைக்குட்டை, நெகிழித்தாள், கரித்துண்டு, உளுந்து, அப்பளம் ஆகியவற்றை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றும் நீரை என்ன செய்கிறது என்று கேட்டால், குழந்தைகளே ஊறும், நமுக்கும், பிடிக்கும் என்று விடை கூறுவர். அவ்விடைகளில் உட்புகுதலும் மேற்பற்றுதலும் பருத்தலும் ஏற்கெனவே பிரிந்து கிடக்கின்றன. ஐரோப்பிய அறிஞர் நூறாண்டு கழித்து ஓர் எழுத்தை மாற்றிப் பெற்ற வேறுபாட்டின் வித்து, தமிழ்க் குழந்தையின் நாவில் முன்னரே உள்ளது. அதனை எடுத்துக் காட்டிய பின் 'உறிஞ்சல்' என்னும் பெயரைக் கொடுத்தால், அப்பெயர் வெறும் ஒலியாய் நில்லாது.

பொந்தியான் மண்ணுக்கே திரும்பினால், அம்மண்ணிடம் மற்றோர் இயல்பும் உண்டு. பயிர் செய்வதற்காக ஜாவாவிலிருந்து வந்தோரும் பூகிசு மக்களும் பிறரும் இம்மேற்குக் கரையில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தனர். வாய்க்காலைக் குறிக்கும் 'பாரிட்' என்னும் சொல்லோடு தொடங்கும் ஊர்ப்பெயர்கள் மேற்கு ஜொகூரில் மலிந்திருப்பதற்குக் காரணம் அதுவே. நீர் வடிந்த கருஞ்சதுப்பு மண் காற்றுப் பட்டுச் சிதைந்து அமுங்குகிறது. மேற்கு ஜொகூரில் நடந்து 1997இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, நிலமட்டம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்ந்துவந்ததைக் காட்டிற்று. அதனினும் வியப்பானது ஒன்று. அளவுக்கு மீறி உலர்ந்துவிட்டால், அம்மண் பின்னர் நீரை ஏற்காது. மேலே ஊற்றிய நீர் முத்துமுத்தாய் உருண்டோடும். பல மடங்கு நீரைத் தாங்கிய மண்ணே நீரை மறுக்கும் நிலையை அடைகிறது. ஆதலின் அறிந்த உழவர் வாய்க்காலின் நீர்மட்டத்தை ஓரளவுக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

மொழியும் இதனை ஒத்ததே. பேச்சில் வழங்கும் சொற்கள் அதன் ஈரம். அவை முற்றும் வடிந்தபின் புதிய கலைச்சொற்களை எவ்வளவு ஊற்றினாலும் அவை மேலோடு உருண்டுவிடும். ஈரம் உள்ள இடத்திலோ, புதியதும் எளிதில் சுவறும்.